செய்து கற்கும் கல்விக்கு யார் செலவு செய்வது?

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் எங்கே தொடங்கப்பட்டது என்று கேட்டால், பஞ்சாப் என்றோ கோயம்புத்தூர் என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். அது தொடங்கப்பட்டது புதுச்சேரியில், 1974 மார்ச் 21 அன்று. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அன்று விடப்பட்ட அந்த நிலையம், இன்று பெருந்தலைவர் காமராஜர் பெயரைத் தாங்கி உழவர்கரைப் பகுதியில் குருமாம்பேட்டில் இயங்குகிறது. அதை முன்மாதிரியாக வைத்து நாடு முழுவதும் இப்போது 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் நடக்கின்றன. கிருஷி விஞ்ஞான் கேந்திரா என்பதன் சுருக்கமான கேவிகே என்றால் எந்த மாவட்டத்து விவசாயிக்கும் தெரியும்.

இந்த நிலையங்களுக்கு வடிவம் கொடுத்தது, உதய்ப்பூர் சேவா மந்திர் நிறுவனர் மோகன் சிங் மேத்தா தலைமையில் 1973-ல் அமைக்கப்பட்ட குழு. அந்தக் குழு வைத்த அடிப்படைகள் இன்றைக்கும் புதுமையாகத் தெரிகின்றன. செய்து காட்டித்தான் கற்பிக்க வேண்டும், செய்துதான் கற்க வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. அந்தந்த மண்ணுக்கும் மக்களின் தேவைக்கும் ஏற்பப் பாடம் அமைய வேண்டும். தொழிலில் இருக்கிறவர்களுக்கும் சொந்தத் தொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கும் அங்கே இடம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எழுதப் படிக்கத் தெரியாதது தொழில்நுட்பம் கற்பதற்குத் தடையாகாது என்ற நிலைப்பாடு. இந்தியாவின் ஓர் அரசு நிறுவனம் இப்படியொரு கொள்கையோடு பிறந்தது என்பதும், அதன் முதல் வாசல் நம் ஊரில் திறந்தது என்பதும் பெருமைப்பட வேண்டிய செய்திகள்.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று எந்த வேலைவாய்ப்பு விளம்பரத்தை எடுத்தாலும் ‘ஹேண்ட்ஸ்-ஆன்’ அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்கிறார்கள். சேர்க்கைக் காலம் வந்தால் தனியார் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளிலும் அதே சொல். வேலைக்கு எடுக்கிறவர், கையால் செய்து பழகிய ஆளைக் கேட்கிறார். கல்லூரி, அப்படிப்பட்ட ஆளை உருவாக்கித் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. படித்து முடித்த பிள்ளையோ நேர்முகத் தேர்வில் “இதை நீங்களே செய்திருக்கிறீர்களா?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. செய்து பழக அவனுக்கு வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. கொடுப்பதற்குச் செலவாகும், அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் செலவைப் பற்றியது.

ரீடிங் முன்னால், சோதனை பின்னால்

பிளஸ் டூ வேதியியல் படித்த எல்லோரும் கடந்து வந்த சோதனை ஒன்று உண்டு. பியூரெட்டில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கூம்புக் குடுவையில் நிறமற்ற ஆக்ஸாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். குடுவையைச் சூடாக்காமல் விட்டால் ஊதா நிறம் மறைய நெடுநேரம் ஆகும். சூடாக்கிவிட்டு ஆரம்பித்தாலும் முதல் சில துளிகள் தயங்கும். பிறகு விழுந்த மாத்திரத்தில் நிறம் போய்விடும். மாணவர் குடுவையைச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விடுகிறார். ஒரு கட்டத்தில், ஒரே ஒரு துளியில், குடுவை முழுவதும் வெளிர் ரோஜா நிறம் பரவி நிலைத்துவிடுகிறது. அந்தத் துளியில் நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு துளி போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த ஒரு துளியைப் பிடிப்பதில் பெரிய பாடம் இருக்கிறது. கவனம், பொறுமை, தன் கண்ணை நம்புவது, தவறினால் திரும்பச் செய்வது, கிடைத்த எண்ணை உள்ளபடி எழுதுவது ஆகிய எல்லாமே அதற்குள் அடக்கம். ஆனால், நம்முடைய பல பள்ளிகளில் நடப்பது வேறு. ஒரு மேசைக்குப் பத்துப் பேர். ஒருவர் பியூரெட்டைப் பிடிக்க, மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். விடை எவ்வளவு வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதப்படுகிறது. அக்கா, அண்ணன்களின் ரெக்கார்டு நோட்டு அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கை மாறுகிறது. ஆண்டுக் கடைசியில் ‘எக்ஸ்டர்னல்’ வருகிறார், வரவேற்பு நடக்கிறது, முழு மதிப்பெண்ணோ ஒன்றிரண்டு குறைவாகவோ எல்லோருக்கும் விழுகிறது.

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 12-ம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 100-க்கு 30 மதிப்பெண் செய்முறைக்கு. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. எந்தப் பாடத்திட்டமானாலும் செய்முறை மதிப்பெண்ணைப் பிள்ளைக்குச் செய்யும் உதவியாக நினைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இது உதவியே அல்ல. சோதனை செய்யாமலே ரீடிங் எழுதப் பழகிய பிள்ளைக்கு, பள்ளி ஒன்றைத் தெளிவாகக் கற்றுக்கொடுத்துவிடுகிறது: அளந்து பார்க்காமலே அளவு எழுதலாம் என்பதை. அந்தப் பழக்கம் பாலத்தின் சிமெண்ட் கலவை வரைக்கும், ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை வரைக்கும் கூடவே வரும்.

நான்கு செலவுகள்

உண்மையான கைப்பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு வேளாண் அறிவியல் நிலையங்களில் நடக்கும் சிப்பிக்காளான் பயிற்சியைப் பார்க்கலாம். வைக்கோலை 5 செ.மீ. அளவுக்கு வெட்டி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, நிழலில் ஆற வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் அதை அடுக்கடுக்காகப் போட்டு இடையிடையே காளான் விதையைத் தூவ வேண்டும். வைக்கோலின் ஈரப்பதம் சுமார் 65 சதவீதம் இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். 65 சதவீதம் என்பதை வீட்டில் எதை வைத்து அளப்பது? பயிற்றுநர் ஒரு பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழிகிறார். தண்ணீர் சொட்டவில்லை, ஆனால், உள்ளங்கையில் ஈரம் படிந்திருக்கிறது. “இதுதான் பதம்” என்கிறார். பிறகு ஒவ்வொருவரும் பிழிந்து பார்க்கிறார்கள். ஒருவர் கையில் சொட்டுகிறது. ஈரம் அதிகம், பூசணம் பிடிக்கும். இன்னொருவர் கை காய்ந்தே இருக்கிறது. காளான் இழை ஓடாது. மூன்று பிடி, நான்கு பிடி பிழிந்த பிறகு கைக்குப் பதம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதை மறக்க முடியாது. அறிவியலாளரும் தத்துவவாதியுமான மைக்கேல் போலானி, சொல்லில் முழுதாகக் கொண்டுவர முடியாத அறிவு மனிதனிடம் ஏராளமாக உண்டு என்று 1966-ல் எழுதினார். அவர் சொன்னது இந்த அறிவைத்தான்.

ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவுக்கு வருகிற பிள்ளைக்கு ஆரம்பத்தில் கிடைப்பது ஓர் இரும்புத் துண்டும் அரமும். துண்டை வைஸில் இறுக்கி ராவ வேண்டும். கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், பிசகு இருக்கும் இடத்தில் கீற்றாக ஒளி தெரியும். மறுபடி ராவல். ஒளிக்கீற்று மறையும் வரை இதேதான். பார்க்கிறவருக்கு வெட்டி வேலையாகத் தோன்றும். ஆனால், கைக்குச் சமம் என்றால் என்ன என்று தெரியவருவது அங்கேதான். பின்னாளில் அந்தப் பிள்ளை கணினியால் இயங்கும் லேத் எந்திரத்தின் முன்னால் நின்றாலும், அது வெட்டித் தரும் பாகம் சரியா தவறா என்று சொல்லும் தகுதியை அந்த ராவல் கொடுத்திருக்கும்.

இந்த இரண்டு இடங்களிலும் நான்கு செலவுகள் இருக்கின்றன. முதலாவது பொருள்: வைக்கோலும் விதையும் இரும்பும் அமிலமும் ஆண்டுதோறும் தீர்ந்துபோகும், ஆண்டுதோறும் வாங்க வேண்டும். இரண்டாவது நேரம்: 45 நிமிடப் பீரியடுக்குள் கைக்குப் பதம் வராது. மூன்றாவது, தானே செய்யத் தெரிந்த ஆசிரியர்: பாடத்தை நன்றாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, பையன் கையில் எங்கே பிசகுகிறது என்று பார்த்ததும் அவருக்குத் தெரிய வேண்டும். நான்காவது, கெடுத்துக் கற்க அனுமதி: பத்துத் துண்டு இரும்பு வீணாகும், இரண்டு காளான் பை பூசணம் பிடிக்கும். அதற்குத் திட்டு விழுந்தால் பிள்ளை அடுத்த முறை கருவியையே தொடாது.

கட்டடம் கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. திறப்பு விழா நடத்தலாம். கருவி வாங்கவும் பணம் கிடைக்கும், புகைப்படம் எடுக்கலாம். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால், ஓர் ஆய்வகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் கருவிப் பட்டியலைப் பார்க்கக் கூடாது. போன மாதம் எவ்வளவு பொருள் தீர்ந்தது, எத்தனை உடைந்தது என்று கேட்க வேண்டும். எதுவும் உடையாத ஆய்வகம் பூட்டியிருக்கிற ஆய்வகம்.

மருத்துவருக்கு ஒரு நியாயம், பிளம்பருக்கு ஒரு நியாயமா?

இந்த நான்கு செலவுகளையும் நம் சமூகம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட துறை ஒன்று உண்டு. அது மருத்துவம். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் வேர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. 1956-ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜவஹர்லால் பெயரைப் பெற்றது. இரண்டு நூற்றாண்டுகளாக அங்கே மாறாதது, நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்கும் முறை. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்க்காமல் எவரும் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. 2019 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டிலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துப் போகச் சொல்கிறது. பொம்மை உடலில் பயிற்சி பெறும் ஆய்வகமும் கட்டாயம். முதலில் பார்ப்பது, பிறகு கூட நின்று உதவுவது, பிறகு மூத்தவர் பார்க்கத் தானே செய்வது என்ற வரிசையைத் தாண்டி யாரும் ஊசியைத் தொடுவதில்லை.

உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் அங்கே சமரசம் கிடையாது என்போம். சரி. அதே உழவர்கரை நகராட்சியில், கோரிமேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 அன்று நடந்ததை எண்ணிப் பாருங்கள். பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக வந்து மூன்று பேரின் உயிரைப் பறித்தது. அவர்களில் ஒருவர் பள்ளிச் சிறுமி. அந்தத் துயரத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்வது இங்கே என் வேலை அல்ல. ஆனால், கழிவுநீர்க் குழாய் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் அடிப்படை ஒன்று உண்டு. கழிவறைக் கோப்பைக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் தேங்கி நிற்கும் சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் பூட்டு. அந்த வளைவைச் சரியாக வைப்பதும், காற்றுக்குழாயைச் சரியான இடத்தில் கொடுப்பதும், ஆள்நுழைக் குழியைத் திறக்குமுன் வாயுவைச் சோதிப்பதும் பயிற்சி பெற்ற கைகளின் வேலை. அப்படியானால் பிளம்பரின் வேலையும் உயிர் சம்பந்தப்பட்டதுதான். எலக்ட்ரீஷியன் எர்த் கொடுப்பதும், லிஃப்ட் மெக்கானிக் பிரேக்கைச் சரிபார்ப்பதும், வயலில் பூச்சிமருந்து கலப்பதும் அப்படித்தான்.

மருத்துவருக்கு ஓராண்டு கட்டாயக் கைப்பயிற்சி கொடுக்கும் நாம், நம் வீட்டுக் குழாயையும் மின்கம்பியையும் தொடுகிறவர் யாரிடம், எவ்வளவு நாள் கற்றார் என்று ஒரு நாளும் கேட்பதில்லை. கையால் செய்யும் வேலையை மட்டமாக நினைக்கும் புத்தியே இதற்குக் காரணம். வேலையை மதிக்காத இடத்தில் அந்த வேலைக்கான கல்வியையும் மதிக்க மாட்டார்கள்.

குலக்கல்வி அச்சமும் காமராஜர் பெயரும்

கைத்தொழிலைக் கல்வியோடு சேர்க்கலாம் என்று பேச்செடுத்தாலே தமிழர்களுக்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வரும். வர வேண்டியதும்தான். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியே எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது என்பதே அதன் கருத்து. 1953-ல் சென்னை மாநிலத்தில் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, கிராமப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெற்றோரின் தொழிலைச் சாதி தீர்மானித்த சமூகத்தில் இதன் பொருள் என்ன என்பது பெரியாருக்கும் திராவிட இயக்கத்துக்கும் உடனே புரிந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அவர்கள் வைத்த பெயரே நிலைத்தது. போராட்டம் வலுத்தது, ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் முதல்வரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. இன்றும் தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளரிடம் தொழில் பழகலாம் என்று சொல்லும்போது, தமிழ்நாட்டில் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் காரணமில்லாமல் பார்க்கவில்லை. ஆனால், ராஜாஜி திட்டத்தின் தவறு கைவேலையில் இல்லை. யார் பிள்ளைக்கு எந்தக் கைவேலை என்பதைப் பிறப்பின் கையில் ஒப்படைத்ததுதான் தவறு. தச்சர் பிள்ளை தச்சு கற்றாக வேண்டும், வக்கீல் பிள்ளை புத்தகம் மட்டும் படிக்கலாம் என்றால் அது அநீதி. வக்கீல் பிள்ளையும் உளியைப் பிடிக்கட்டும். தச்சர் பிள்ளையும் நுண்ணோக்கியைப் பிடிக்கட்டும். இருவரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ஒரே மதிப்பெண்ணுக்குச் செய்யட்டும் என்றால் அது சமத்துவம். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் தொழிற்கல்வி என்ற எண்ணத்தை எந்த வடிவில் வந்தாலும் நாம் ஏற்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றால் இரு கையாலும் வரவேற்க வேண்டும். குருமாம்பேட்டின் நிலையம், குலக்கல்வியைக் கைவிட்ட அந்த முதல்வரின் பெயரையே தாங்கியிருப்பதை நான் பொருத்தமானதாகவே நினைக்கிறேன். அங்கே காளான் கற்க வருகிறவரிடம் உங்கள் தகப்பனார் என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கை மட்டும் போதுமா?

கோவையின் ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டித்தான் அவர் எந்திரத்தைக் கற்றார். 1945-ல் அவர் ஆதரவில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவரைக் காட்டி, படிப்பே வேண்டாம், பட்டறை போதும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான பாடம். நாயுடு ஓயாமல் வாசித்தவர், உலகம் சுற்றி விசாரித்தவர். எந்திரத்தைக் கழற்றும்போதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவர். கை செய்ததை மூளை விசாரித்தது.

ஆய்வுகளும் இரண்டு பக்கத்தையும் சொல்கின்றன. கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் தலைமையிலான அமெரிக்கக் குழு 2014-ல் தொகுத்துப் பார்த்தது. மாணவர்கள் தாங்களே ஈடுபட்டுக் கற்கும் வகுப்போடு ஒப்பிட்டால், வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி அடைவதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு. அதே சமயம், புதிதாகக் கற்க வருகிறவரை வழிகாட்டல் இல்லாமல் நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டுவிட்டால் கற்றல் நடக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை எச்சரித்தது. ஆகவே, ரோபோ பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது கைப்பயிற்சி ஆகாது. கூடவே நின்று, திருத்தி, காரணத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

அப்படி ஆட்களை உருவாக்கிக் காட்டிய தமிழ்நாட்டு நிறுவனம் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் நிறுவனர் டாக்டர் கோ.வெங்கடசாமியின் விரல்களை முடக்குவாதம் இளமையிலேயே கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை இரண்டு ஆண்டு பயிற்றுவித்துக் கண் பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் அமர்த்துகிறது. புதுச்சேரி தவளக்குப்பத்திலும் அதன் கிளை இருக்கிறது. அரவிந்தில் மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் ஏராளமானவர்களுக்குக் கண்புரை நீக்க முடிகிறதென்றால், அதற்கு அந்தப் பெண்களின் தேர்ந்த கைகளும் காரணம். பயிற்சிக்கான செலவை நிறுவனமே ஏற்றது. பலனையும் அதுவே அறுவடை செய்கிறது.

கேட்கிறவரும் கொடுக்க வேண்டும்

அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று கேட்கும் தொழில் நிறுவனங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுபவம் எங்காவது ஓரிடத்தில் கிடைத்தாக வேண்டும். எல்லோரும் அனுபவசாலியையே எடுப்போம் என்றால் முதல் அனுபவத்தைக் கொடுப்பது யார்? இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பது 2019-ல் திருத்தப்பட்ட விதி. உதவித்தொகையில் கால் பங்கை மாதம் 1,500 ரூபாய் வரை அரசே ஏற்கும் திட்டம் 2016-ல் வந்தது. இவ்வளவு இருந்தும் அப்ரண்டிஸ் என்றால் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் ஆள் என்ற எண்ணம்தான் பல இடங்களில் இருக்கிறது. ஆறு மாதம் பெட்டி தூக்கவிட்டு, கடைசியில் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது பயிற்சி அல்ல.

ஜெர்மனியில் தொழிற்கல்வி பெறும் இளைஞர் வாரத்தில் மூன்று, நான்கு நாள் தொழிற்கூடத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். 1969-ம் ஆண்டுச் சட்டம் அந்த முறைக்கு நாடு தழுவிய விதிகளைக் கொடுத்தது. எந்த மாதம் எந்த வேலையைக் கற்றுத்தர வேண்டும் என்பது வரை எழுதப்பட்டிருக்கும். கற்றுத்தர நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆள் இருக்க வேண்டும். தேர்வை வெளியார் நடத்துவார்கள். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் இதைச் செய்ய முடியாதா? ஐடிஐ-யும் தொழிற்பேட்டையும் மேட்டுப்பாளையத்தில் அருகருகே இருக்கின்றன. இடையில் இல்லாதது ஓர் ஒப்பந்தமும் அதைக் கண்காணிக்க ஓர் அதிகாரியும்தான். அந்த அதிகாரி அலுவலகத்திலிருந்து அறிக்கை கேட்கிறவராக இல்லாமல், மாதம் ஒரு முறையாவது பட்டறைக்குள் போய்ப் பையன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

உழவர்கரையால் முடியும்

1880-ல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரிப் பகுதியில் ஏற்படுத்திய நான்கு கொம்யூன்களில் ஒன்று உழவர்கரை. இன்று ஒரே நகராட்சி எல்லைக்குள் இங்கே ஜிப்மர் இருக்கிறது; லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது; அங்கேயே அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன; மேட்டுப்பாளையத்தில் ஐடிஐ, குருமாம்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம். சைக்கிளில் போய்விடும் தூரத்தில் இத்தனை செய்முறைக் கல்வி நிலையங்கள் அமைந்த ஊர்கள் மிகக் குறைவு. ஆனால், இவை ஒன்றின் வாசலை மற்றது மிதிப்பதில்லை. அரசுப் பள்ளி மாணவர் ஜிப்மர் சுவரைத் தாண்டி உள்ளே போவது உடம்பு சரியில்லாதபோது மட்டும்தான்.

புதுச்சேரி அரசிடமும் உழவர்கரை நகராட்சியிடமும் நான் கேட்பவை நான்கு. ஒன்று, உழவர்கரையின் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்குப் பத்து நாளாவது இந்த நிலையங்களில் கையால் வேலை செய்யட்டும். தனியார் பள்ளிகளுக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். பெற்றோரின் தொழில் எதுவோ அதற்கு அந்தப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று விதியே எழுதுங்கள். இரண்டு, ஒவ்வொரு பள்ளி, ஐடிஐ, பாலிடெக்னிக் ஆய்வகத்துக்கும் ஆண்டில் வாங்கிய, தீர்ந்த பொருட்களின் கணக்கைப் பெற்றோர் பார்க்கும்படி தகவல் பலகையில் ஒட்டுங்கள். மூன்று, செய்முறைத் தேர்வில் குலுக்கல் முறையில் சோதனையைக் கொடுத்து, மாணவர் செய்வதைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். ரெக்கார்டு நோட்டின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். நான்கு, ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்களை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சில வாரம் தொழிற்கூடத்தில் வேலை பார்க்க அனுப்புங்கள். காலியாக இருக்கும் பயிற்றுநர் பணியிடங்களை நிரப்புங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த ஆண்டு பள்ளிக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலைக் கேட்பதோடு நிற்காதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை இந்த மாதம் தன் கையால் என்ன செய்தான், எதைக் கெடுத்தான், மறுபடி செய்தானா என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த 30 மதிப்பெண் உங்கள் பிள்ளை சம்பாதித்தது அல்ல. அதை இனாமாக வாங்கிக்கொள்ள மறுக்கும் முதல் பெற்றோராக நீங்கள் இருங்கள்.